இரவில் அழும் பிள்ளைகள்



கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு வரும் தாய்மார், "ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுவுறான் ஐயா, காத்து கருப்போ என்னவோ" என்பதுண்டு.

பெரும்பாலும் அது வலியே. மூளைமுடக்குவாதத்தில் தசையைத் தளர்த்தும் கட்டளை மூளையிலிருந்து சரிவரப் போய்ச் சேருவதில்லை. பிள்ளை வளர வளர எலும்பு நீளும். இறுகிய தசையோ ஈடுகொடுத்து நீளாது. தொடையை உள்நோக்கி இழுக்கும் தசைகளால் இடுப்பு மூட்டு மெல்ல விலகும். பேச்சு வராத பிள்ளை, துணி மாற்றக் காலை விரிக்கும்போது அழுதுதான் அதைத் தெரிவிக்கிறது. மலச்சிக்கல், சொத்தைப் பல்கூட இறுக்கத்தைக் கூட்டும். மருத்துவர்கள் முதலில் அவற்றைப் பார்க்கிறார்கள்.

பிறகு இயன்முறைப் பயிற்சி, சாய்வு நாற்காலி, சிலருக்கு பேக்லோஃபென் மாத்திரை. இம்மாத்திரையைத் திடீரென நிறுத்தலாகாது. நிறுத்தினால் இறுக்கம் முன்னிலும் மிஞ்சும், வலிப்பும் வரலாம். பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒருமுறை வராமற்போனாலே ஆபத்துதான்.

ஆகவே உங்கள் காணிக்கையில் பஸ் கட்டணத்தை முதலில் ஒதுக்குகிறோம். "மருந்துக்கல்லவா கொடுத்தோம்" என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கும் இதையே சொல்லுகிறோம். மழைக்காலத்தில் மலைப்பாதை தடைபடுமென்று, மருத்துவர் அனுமதித்த பிள்ளைகளுக்கு மாத்திரையைக் கூடுதலாகவே கொடுத்தனுப்புகிறோம். அந்தத் தாய்மாருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.