லொறியின் பின்சில்லும் கடற்கரைக் கறலும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த வீதிகளில் கனரக லொறிகளின் ஓட்டம் ஓய்வதேயில்லை. பிரீமா ஆலையின் கோதுமை மாவும், டோக்கியோ ஆலையின் சீமெந்தும், சீனக்குடாத் தாங்கிகளின் எரிபொருளும், புகையிரதத்தில் ஏறுவது போக எஞ்சியவை, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக இந்த லொறிகளிலேயே நாட்டின் உட்பகுதிகளுக்குச் செல்கின்றன. இவற்றுட் பல, முன்னே இழுக்கும் வண்டி வேறு, பின்னே சுமக்கும் ட்ரெயிலர் வேறு எனப் பிரிந்து இணைவன. இழுவை வண்டியின் பின்சில்லுகளுக்கு மேலே வளைந்து நிற்கும் காப்பைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். மட்காட் என்று நம் சாரதிமார் வழங்குவது அதுவே.

மட்காட் என்றால் ஏதோ அலங்காரப் பொருள் என்று கருதுவோர் உளர். மாரிகாலத்து மாலை வேளையில், காப்பு உடைந்த லொறி ஒன்றின் பின்னே மோட்டார்ச் சைக்கிளில் சென்றவர் அவ்வாறு கருதமாட்டார். அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டியின் சில்லு, தன் விளிம்பில் ஒட்டிய நீரையும் மண்ணையும் செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர் வேகத்தில் வீசியெறிகிறது. பெரிய துளிகள் வண்டியின் அடிப்பாகத்தில் மோதிச் சிதறி நுண்ணிய மூடுபனியாகி விடுகின்றன. கண்ணை மறைப்பது பெரும்பாலும் இந்த மூடுபனியே. சில்லின் பள்ளங்களிற் சிக்கிய சரளைக் கல்லோ அதே வேகத்தில் பின்னால் வருபவரின் முகத்தை நாடிச் செல்லும். ஐரோப்பிய நாடுகள் 1991ஆம் ஆண்டிலேயே கனரக வண்டிகளின் நீர்ச்சிதறலைத் தடுப்பதற்கென்று தனியாக ஒரு விதியை வகுத்தன என்றால், இதன் முக்கியத்துவம் விளங்கும். அங்கே காப்பின் உட்புறத்தைப் புல்விரிப்புப் போல மயிர்த்தன்மையுடையதாக அமைப்பது வழக்கமாயிற்று. துளியின் வேகத்தை அடக்கி, அதைச் சிதறவிடாமல் கீழே வடியச் செய்வதே அதன் நோக்கம்.

இனி, எதனாற் செய்த காப்பை வாங்குவது? மலைநாட்டில் ஓடும் லொறிக்கும் திருகோணமலையில் ஓடும் லொறிக்கும் விடை ஒன்றாகாது. இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. கிண்ணியாவில் 2009ஆம் ஆண்டு 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை, ‘பாதை’ என்று நம்மவர் வழங்கிய மிதவையில் ஏற்றியே வண்டிகளைக் கரை சேர்த்தார்கள். அந்த இடர் நீங்கிற்று. ஆனால் கடலோர வீதியின் ஈரமும் உப்பும் நீங்கவில்லை. வர்ணம் பூசிய சாதாரண இரும்புத் தகடு விலை மலிவு. நசுங்கினாலும் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். ஆனால் கல் பட்டு வர்ணம் ஒரு புள்ளியிற் பெயர்ந்துவிட்டால் போதும், கறல் அங்கே குடியேறி, வர்ணத்தின் அடியிலேயே பரவிச் செல்லும். மேலே பளபளப்பாக இருக்கும் தகடு மடிப்புகளில் அரிசிச் சல்லடையாய் இருப்பதைப் பட்டறைகளிற் காணலாம்.

கறையில் உருக்கு, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பார்வைக்கும் அழகு, உழைப்புக்கும் உறுதி. ஆயினும் அதிலும் வகையுண்டு. 304 என்ற வகை கடற்கரையில் நாளடைவிற் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். மொலிப்டினம் கலந்த 316 என்ற வகையே உப்பை நன்கு தாங்குவது. விலையும் அதற்கேற்ப அதிகம். அலுமினியம் பாரம் குறைந்தது, ஆனால் அதிர்ச்சியில் விரைவில் வெடிக்கும். தடித்த கரும்பிளாஸ்டிக்கினாற் செய்த காப்புக்குக் கறல் என்பதே இல்லை. டயர் வெடித்துத் தோல் பிய்ந்து அடிக்கும்போது உலோகத் தகடு கிழியும். இதுவோ பெரும்பாலும் வளைந்து மீளும். நிறம் கருமையாக இருக்கவேண்டும் என்பதற்கும் காரணமுண்டு. அதிற் கலந்துள்ள கரித்தூளே வெயிலின் ஊதாக்கடந்த கதிர்களைத் தாங்கிக்கொள்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெயிலில் நிறம் பூசிய மலிவான பிளாஸ்டிக் சில ஆண்டுகளிலேயே பொருக்கு வெடித்துவிடும். எனது தெரிவு கரும்பிளாஸ்டிக்கே. மினுங்கும் தகட்டில் தாமரைப்பூ வரைவிக்க விரும்பும் உரிமையாளர் இதை ஏற்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால், நேயர்களே, காப்பு எதனால் ஆனது என்பதைவிட, அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே அதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வீதியோரத்தில் விழுந்து கிடக்கும் மட்காட்டுகளைக் கவனித்துப் பாருங்கள். பலவற்றில் தகடு நன்றாகவே இருக்கும். முறிந்தது அதைத் தாங்கிய குழாயாகும். ஒரு முனையிற் பிடிபட்டு மறுமுனையில் சுமையேந்தி நிற்கும் குழாய், வண்டியின் ஒவ்வொரு குலுங்கலிலும் தன் அடியிலேயே வளைவைத் தாங்குகிறது. காப்பின் மேல் ஈரச்சேறு படிந்தால் அந்தச் சுமை இன்னும் கூடும். ஆகவே ஒரு காப்புக்கு இரண்டு குழாய்கள் வேண்டும்; அடித்தகடு அகலமாக இருக்கவேண்டும்.

அவற்றைச் சசி எனப்படும் அடிச்சட்டத்தோடு வெல்டிங் செய்யக்கூடாது. அந்தச் சட்டம் பதப்படுத்திய வலிய உருக்கினாற் செய்யப்படுவது வழக்கம். வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, வெடிப்பின் பிறப்பிடமாகும். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடுவதும் ஆகாது. நடுச்சுவரில் ஏற்கெனவே உள்ள துளைகளில் மரையாணியால் முடுக்குவதே முறை.

மரையாணியின் உலோகத்தையும் பார்க்கவேண்டும். வேறுபட்ட இரண்டு உலோகங்கள் தொட்டு நிற்க, இடையே உப்புநீர் படிந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது; இரண்டில் எளிதில் அரிபடுவது விரைந்து கரைகிறது. பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டைச் சாதாரண இரும்பு ஆணியால் முடுக்கினால், அந்தச் சிறிய ஆணி விரைவிலேயே உண்ணப்பட்டுவிடும். அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் ஆணி என்றால், ஆணி தப்பும், துளையைச் சுற்றிய தகடு பொடியாகும். இரண்டுக்கும் நடுவே இறப்பர் அல்லது நைலோன் வாசர் ஒன்று வைத்தால் தொடர்பு அறும். இறப்பர் அதிர்வையும் ஏற்கும்.

அடுத்தது இடைவெளி. ஏற்றமில்லாத வண்டியில் அளந்து பொருத்துவதே பெரும்பாலும் நடக்கும் தவறு. பாரமேறிப் பள்ளத்தில் விழும்போது அச்சு மேலெழுந்து, வில்லுக்கு மேலேயுள்ள இறப்பர்க் கட்டையை முட்டும். ஆதலால், அச்சுக்கும் அந்தக் கட்டைக்கும் உள்ள தூரத்தை முதலில் அளந்து, டயருக்கும் காப்புக்கும் இடையே அதைவிடச் சில சென்ரிமீற்றர் கூடுதலாக விடவேண்டும். காற்றுப்பையில் நிற்கும் வண்டியாயின், காற்றை முழுதும் இறக்கிவிட்டு அளக்கவேண்டும். மேற்புறத்திலோ ட்ரெயிலரின் அடிப்பாகம் இருக்கிறது. துறைமுகச் சரிவில் ஏறும்போதும் குறுகிய இடத்தில் திரும்பும்போதும் அது காப்பை நோக்கித் தாழும். இரண்டுக்கும் இடம் போதாவிட்டால், சில்லின் உச்சியைத் திறந்தபடி விட்டு, முன்னும் பின்னும் மட்டும் மறைக்கும் அரைக்காப்பே தக்கது. அகலத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. இரட்டை டயர் பூட்டிய சில்லு ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் அகலமாகும். அதை முழுதும் மூடாத காப்பு வெளி டயரின் நீரை அப்படியே பக்கத்து வண்டியின் கண்ணாடி மீது எறியும்.

பொருத்திய பின் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஆணிகளை ஒருமுறை மீண்டும் முடுக்கவேண்டும். இறப்பர் அமர்ந்து சுரைகள் தளர்ந்திருக்கும். மாரி முடியும்வரை வாரம் ஒருமுறையாவது காப்பின் உட்புறத்தையும், தாங்கு குழாயின் அடித்தகட்டையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுவது நன்று. கழுவுபவர் பெரும்பாலும் வெளிப்புறத்தையே கழுவுகிறார். உப்புச்சேறு உறைந்து கிடப்பது உள்மடிப்பில்.