நகைப்பும் நெகிழ்வும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்ததாகவும் வைத்தார். இவ்விரண்டும் அருகருகே வாழ்பவை என்பதை மறந்துவிடுவதே தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் பலவற்றின் குறைபாடு எனலாம்.

இத்தொடர்கள் இரு விதங்களில் தவறுகின்றன. சில, வேடிக்கையை மட்டுமே அடுக்கிச் செல்கின்றன. சிரித்து முடித்ததும் பாத்திரங்கள் நினைவில் நிற்பதில்லை. வேறு சில, இருபது நிமிடம் சிரிக்கவைத்துவிட்டு இறுதியில் திடீரெனச் சோக இசையை எழுப்பி உபதேசம் செய்கின்றன. நெகிழ்ச்சி வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்படுவதாக இருத்தலாகாது. சிரிப்புக்குக் காரணமான அதே குணத்திலிருந்தே அது பிறத்தல் வேண்டும்.

உதாரணமாக, பேராதனைப் பல்கலைக்கழக விடுதியொன்றைக் களமாகக் கொண்ட தொடரைக் கற்பனை செய்வோம். தன் வீட்டுச் செல்வத்தைப் பற்றி ஓயாது பெருமையடிக்கும் மாணவன் ஒருவன். அவனைச் சீண்டி மகிழும் நண்பர்கள். ஒருநாள் அவன் பணமின்றிப் பட்டினி கிடப்பதை அவர்கள் அறிந்துகொள்கின்றனர். அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், சோற்றுப் பொதியொன்றை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, "உங்கட வீட்டில எத்தனை கார் எண்டு சொன்னனீ?" என வழமைபோலக் கேட்கின்றனர். பழைய கேலிதான், ஆயினும் இப்போது அது அவனது மானத்தைக் காக்கிறது. அவ்விடத்தில் வசனம் மேலும் நீளுமாயின் அனைத்தும் கெட்டுவிடும்.

நமது நாட்டில் இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க.கணபதிப்பிள்ளை, 1940 இல் வெளியான 'நானாடகம்' தொகுப்பில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழையே நாடக மொழியாக்கினார். பேச்சுவழக்கு பரிகாசத்துக்கு மட்டும் உரியதெனக் கருதப்பட்ட காலத்தில் அதற்கு மேடையில் மதிப்பளித்தமை அவரது பெரும் பணியாகும்.

எழுபதுகளில் இலங்கை வானொலி நேயர்கள் கேட்டு மகிழ்ந்த 'கோமாளிகளின் கும்மாளம்' மற்றொரு சான்றாகும். எஸ்.ராமதாஸ் மரிக்காராகவும், ரி.ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ்.செல்வசேகரன் உபாலியாகவும், பி.எச்.அப்துல் ஹமீட் ஐயராகவும் நடித்தனர். முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் தமிழ் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் ஒலித்தன. 1976 இல் அது 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. தமிழர் மரிக்காரானார், முஸ்லிம் ஐயரானார். நால்வருமே கோமாளிகள் என்பதால் எவரும் மற்றவருக்கு மேலாக நின்று சிரிக்கவில்லை. ராமதாஸை மக்கள் 'மரிக்கார் ராமதாஸ்' என்றே அழைக்கலாயினர் என்றால், அப்பாத்திரம் பெற்ற அன்புக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

மொழிவழக்கைக் கொண்டு சிரிக்கவைப்பது கூர்மையான கத்தியைக் கையாள்வது போன்றது. 'காக்கா' என்றழைத்து வரும் வியாபாரியும் மலையகத் தொழிலாளியும் திரையில் தோன்றும் கணத்திலேயே கேலிப்பொருளாவார்களாயின், அச்சிரிப்பு சமூகங்களுக்கிடையே சுவரெழுப்பும். அவர்களுக்கும் ஓர் ஏக்கம், ஒரு கடன், காத்திருக்கும் ஒரு பிள்ளை இருப்பதை ஒரு காட்சியேனும் உணர்த்துமாயின், அதே சிரிப்பு உறவை வளர்க்கும்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமரும் பேராதனை போன்ற சூழல்களிலிருந்தே இத்தகைய தொடர்கள் எழவேண்டும். எழுதும் இளைஞர்கள், தம் பாத்திரத்துக்குரிய சமூகத்தவர் அருகிலமர்ந்து பார்க்கையில் தாமும் கூச்சமின்றிச் சிரிக்க முடியுமா எனத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்களாக.