மீன்தொட்டியில் ஏன் சண்டை?

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சொறிக்கல்முனைக்குச் செல்வோர், வழியில் பரந்து கிடக்கும் நீரைக் கண்டிருப்பர். எமது வாவியிலே வாழும் செத்தல் மீன், நீருள் அமிழ்ந்த கல்லிலோ கட்டையிலோ முட்டைகளை ஒட்டி வைக்கும். பின்னர் தாயும் தந்தையுமாகக் காவல் நின்று, அண்டிவரும் மீன்களைத் துரத்தியடிக்கும். துரத்தப்பட்ட மீன் எங்கேனும் ஓடித் தப்பிவிடும். இரண்டடிக் கண்ணாடித் தொட்டியிலோ ஓடுவதற்கு இடமேது?

மீன்தொட்டிச் சண்டையின் மூலகாரணம் இதுவே. ஆசையோடு வாங்கிவிட்ட மீன்களுள் ஒன்று, மறுநாட் காலையில் வால் கிழிந்து மூலையில் ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டு சிறுவர் கலங்குவர். கடித்த மீனைப் "பொல்லாதது" என்று ஏசுவர். உண்மையில் அது தன் இடத்தையோ, துணையையோ, இரையையோ காக்க முயன்றதேயன்றி வேறில்லை.

செத்தலின் உறவான சிறிய செம்மஞ்சள் மீனைப் பாருங்கள். அது செத்தலின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தி அகற்றுவதை வைமன், வார்ட் என்னும் ஆய்வாளர் 1972இல் எடுத்துரைத்தனர். அச்சிறுமீனே வாய்ப்புக் கிடைத்தால் செத்தலின் முட்டைகளைத் தின்னும். அப்போது செத்தல் அதனை விரட்டும். நட்பும் பகையும் காலத்தையும் இடத்தையும் பொறுத்தவையன்றோ!

பவளப்பாறை மீன்களைத் தொட்டியில் வைத்து ஆராய்ந்த கொன்ராட் லோரென்ஸ், அவை பிற இனங்களைவிடத் தம்மினத்தையே கடுமையாகத் தாக்குவதைக் கண்டு, 1963இல் வெளியான தம் நூலில் விளக்கினார். ஒரே இரையையும் ஒரே இடத்தையும் நாடுவது தன்னினமே அல்லவா? ஆண் பைற்றர் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விடலாகாது என்பதன் காரணமும் இதுதான்.

இனி, சண்டையைத் தணிக்கும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, தேர்வு. வாயிற் புகக்கூடிய சிறுமீனைப் பெருமீனுடன் விடாதீர்கள். செத்தல் ஓரடியளவும் வளரக்கூடியது. கப்பித் தொட்டி அதற்கு ஏற்றதன்று. ரைகர் பார்ப் மீன்களை ஆறுக்குக் குறையாது கூட்டமாக வளர்த்தால், தமக்குள்ளேயே விளையாடி, பிற மீன்களின் செட்டையைக் கடிப்பது குறையும்.

இரண்டாவது, மறைவிடம். கல், மண்சட்டித் துண்டு, நீர்ச்செடி ஆகியவற்றை இட்டு, ஒன்றையொன்று காணாதவாறு தொட்டியைப் பிரியுங்கள். புதுமீன் விடும்போது அவற்றை இடம்மாற்றி வையுங்கள். பழைய மீனுக்கும் அப்போது தொட்டி புதிதாகிவிடும். "இது என் இடம்" என்னும் உரிமை தளரும். விளக்கை அணைத்தபின் விடுவது இன்னும் நன்று.

மூன்றாவது, உணவு. ஒரே மூலையிற் போடாது இரண்டு மூன்று இடங்களில் தூவுங்கள்.

இவ்வளவும் செய்தும் அடங்காத மீனைச் சில நாட்கள் வேறு தொட்டியில் வைத்து, பின்னர் திரும்ப விடலாம். காயமுற்ற மீனையும் தூய நீரில் தனியே வைத்துப் பேணுங்கள். அடங்காத மீன் என்று வாவியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அலங்கார மீனாக இலங்கைக்கு வந்த கத்திமீன், நீர்நிலைகளிற் புகுந்து உள்ளூர் மீன்களுக்குக் கேடாக முடிந்ததை மறத்தலாகாது.

வாவியில் மீனுக்கு வேண்டிய இடத்தை இயற்கை அளிக்கிறது. தொட்டியில் அதனை அளிக்கவேண்டியவர் நாமே. ஆகவே, மீன் கடித்தால் மீனை ஏசுமுன் தொட்டியைப் பாருங்கள்.