கழுத்து ரத்தக் குழாய் சொன்ன சேதி

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்!" என்பார் என் வீட்டுக்காரர். காரைக்கால்காரர், கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காது. மாமனார் ஐம்பது வயதிலேயே பக்கவாதத்தில் படுத்தவர். அந்தப் பயத்தில், 'கழுத்து ஸ்கேன் எடுத்தே ஆகணும்' என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

ஊசியில்லை, வலியில்லை. கழுத்தில் பசை தடவி, ஒலி அலையை அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் படமாக்கி, ரத்தக் குழாய்ச் சுவரின் கனத்தை அளக்கிறார்கள். வயது ஏற ஏற அது தடிக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை சேர்ந்தால் சீக்கிரமே தடிக்கும். டாக்டர் வி. மோகன் குழுவினர் 2000-ல் வெளியிட்ட சென்னை ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குச் சராசரி 0.74 மில்லிமீட்டர், உள்ளவர்களுக்கு 0.95.

இவருக்கு 0.7. "பார்த்தியா!" என்று குதித்தார். டாக்டர் பேசாமல் கையில் பட்டையைச் சுற்றினார். ரத்த அழுத்தம் 150/96! மறுவாரமும் அப்படியே.

"சுவர் நல்லாருக்குன்னு இதை விட்டுட முடியாதும்மா. ஆரோக்கியமா இருக்கிற எல்லோருக்கும் அந்த ஸ்கேன் வேண்டாம்னு 2013-லேயே அமெரிக்க இதய மருத்துவர்கள் சொல்லிட்டாங்க. முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான்" என்றார்.

இப்போது மாத்திரை உண்டு. கருவாடும் ஊறுகாயும் இல்லை. முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை! சகோதரிகளே, உங்கள் வீட்டுக் 'கல்லு'க்கு ரத்த அழுத்தம் பார்த்து எத்தனை நாளாச்சு?