உப்புக்காற்றும் ஊமை ஸ்பீக்கரும்

கற்பிட்டி, ஆலங்குடா, மாம்புரி, உடப்பு என்று கடலைப் பார்த்த ஊர்களில் கொம்பியூட்டர் ஸ்பீக்கர் சத்தம் போடாமல் நின்றால், புதுசு வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் அதன் வயரைக் கழற்றி ஒரு போனிலோ ரேடியோவிலோ செருகி ஒரு பாட்டைப் போடுங்கள். புதிய போன்கள் பலவற்றில் அந்த வயரைச் செருகும் வட்டத் துளை இல்லை. மூலையில் கிடக்கும் பழைய போன் இதற்குப் போதும். பாட்டு ஒழுங்காகக் கேட்டால் ஸ்பீக்கரில் பிழை இல்லை, கொம்பியூட்டரைப் பாருங்கள். கேட்காவிட்டால் கொம்பியூட்டரைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் விண்டோஸையே அழித்துத் திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கொம்பியூட்டர் பக்கத்துக் காரணங்கள் அதிகமில்லை. எச்டிஎம்ஐ வயரில் மொனிட்டரோ டிவியோ இணைத்திருந்தால், விண்டோஸ் சத்தத்தை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கும். திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் எங்கே போகிறது என்று பார்த்து மாற்றிவிடுங்கள். முன்பு இணைத்த புளூடூத் ஹெட்செட் பக்கத்து அறையில் இன்னும் உயிரோடு இருந்தாலும் இதே கதைதான். கொம்பியூட்டர் பெட்டியின் பின்பக்கத் துளைகளில் பச்சை நிறம் ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தம் உள்ளே வருவதற்கு. சிறிய ஸ்பீக்கர்களில் யூஎஸ்பி வயர், வட்ட பிளக் இரண்டும் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு யூஎஸ்பி கரண்டை மட்டும்தான் கொடுக்கும். பாட்டு வருவது மற்ற வயரில்.

இனி நம் கடற்கரைக்கே உரிய சங்கதி. மாம்புரியில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளையும் சுமந்து வீட்டுக்குள் வருகிறது. கச்சான் வீசும் மாதங்களில் மேற்கு ஜன்னல் கண்ணாடியில் விரலை இழுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், தெரியும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே தண்ணீரை இழுத்துக் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டோ அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நனைந்துவிடும். அதனால் பிளக்கின் மேல் படிந்த துகள் மழையே இல்லாத நாளிலும் ஈரமாகவே கிடக்கிறது. மேல்பூச்சில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும், உள்ளே இருக்கும் பித்தளையை அது தின்னத் தொடங்கும். நுனியில் தெரியும் பச்சைப் பூஞ்சை போன்ற படிவு அந்தப் பித்தளையில் உள்ள செம்பின் உப்புத்தான். கரண்ட் அதைத் தாண்டிச் சரியாகப் பாயாது.

இதன் அறிகுறிகளில் ஒன்று மிக வினோதமானது. பாட்டில் வாத்தியங்கள் கேட்கும், பாடகரின் குரல் மட்டும் காணாமல் போகும். பிளக்கில் மூன்று பாகங்கள்: நுனி இடப்பக்கச் சத்தத்துக்கு, நடு வளையம் வலப்பக்கத்துக்கு, அடிப்பாகம் இரண்டுக்கும் பொதுவான திரும்பு வழி. அந்த அடிப்பாகத்தில் தொடுப்பு விட்டுப்போனால் இரு பக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. இரண்டிலும் சமமாகப் பதிந்தது அழியும். பாட்டில் அது பெரும்பாலும் குரல்தான். ஒற்றை மைக்கில் பதிந்த பயானோ பிரசங்கமோ சூம் வகுப்போ என்றால் ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிடும். பாட்டு கேட்கிறது, பாடம் மட்டும் கேட்கவில்லை என்று பிள்ளை சொன்னால் அது சாட்டாக இல்லாமலும் இருக்கலாம். பிளக்கைத் துளைக்குள்ளேயே மெல்லத் திருப்புங்கள். குரல் வந்து வந்து போனால் நோய் பிடிபட்டது.

மருந்து ஐசோபுரோப்பைல் அல்கஹோல், அல்லது மின்பொருள் கடைகளில் விற்கும் கொண்டக்ட் கிளீனர் ஸ்பிரே. கரண்டை நிறுத்திவிட்டு, நூல் உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள். துளைக்குள்ளே கொஞ்சம் அடித்து, பிளக்கைச் சில தடவை செருகி எடுத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே போடுங்கள். மண்தாள் வேண்டவே வேண்டாம். அது பச்சையோடு மேல்பூச்சையும் சுரண்டிவிடும், பிறகு அரிப்பு இன்னும் வேகமாக வரும். தேங்காய் எண்ணெய் தடவுவது அதைவிட மோசம். சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று வந்தால், கரண்டை நிறுத்திவிட்டு அதை முழுசாக இருபது முப்பது தடவை அங்குமிங்கும் திருப்பினாலே பல நேரம் சரியாகும்.

விடாத “ம்ம்ம்” இரைச்சல் வேறு வகை. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. அந்தத் துடிப்பு ஸ்பீக்கருக்குள் கசிந்தால் இப்படிக் கேட்கும். லெப்டொப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் சார்ஜர் பக்கமோ எர்த்திலோ கோளாறு. உருண்டைப் பின் துளைக்குச் சதுரப் பின் பிளக்கைப் பொருத்த மாட்டும் அடாப்டர்களில் எர்த் ஆடிக்கொண்டே நிற்பது சகஜம். ஸ்பீக்கரையும் கொம்பியூட்டரையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டால் பாதிப் பிரச்சினை அடங்கும். இரைச்சலை நிறுத்த எர்த் வயரை வெட்டிவிடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். அது உயிருக்கு உலை.

900 மெகாவாட் நுரைச்சோலை மின் நிலையம் நம் மாவட்டத்திலேயே இருந்தும் கரண்ட் போகத்தான் போகிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டபோது அங்கிருந்த மூன்று இயந்திரங்களும் சேர்ந்தே நின்றன. அப்படியான நேரத்தில் மலிவான யூபிஎஸ்ஸில் ஓடும் ஸ்பீக்கர் “கொர்” என்றால் பழுது என்று எண்ண வேண்டாம். அந்த யூபிஎஸ் தரும் கரண்ட் அலையலையாக வராமல் படிப்படியாக வருவதால் அப்படி. கரண்ட் திரும்பியதும் போய்விடும். அழைப்பு வருமுன் கேட்கும் “டிட்டிட் டிட்டிட்” பக்கத்தில் வைத்த போனின் வேலை. போனைத் தள்ளி வையுங்கள்.

உண்மையிலேயே முடிந்துபோன ஸ்பீக்கரையும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். முன்வலையைக் கழற்றி, கூம்பின் இரு ஓரத்திலும் விரல் வைத்து மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். தடையில்லாமல் போய் வந்தால் நல்லது. சரசரவென்று உரசினால் காந்த இடுக்கில் துருவேறிக் கம்பிச்சுருள் சிக்கியிருக்கிறது. அதற்குச் செலவழிப்பது வீண். உரசாமல் இருந்தும் சத்தம் வராவிட்டால் திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல் வயரையும் அடாப்டரையும் சேர்த்தே எடுங்கள், போனில் செருகிப் பார்த்ததில் என்ன கேட்டது என்பதையும் சொல்லுங்கள். கடையில் அவருடைய வயரைப் போட்டதும் ஸ்பீக்கர் பாடினால், நீங்கள் வாங்க வேண்டியது ஒரு வயர் மட்டும்தான்.