பொழுதுபோக்கு ஏரிகளும் பழைய மண் கரைகளும்

பெங்களூர் நகரின் ஊடே பெரிய ஆறு எதுவும் ஓடவில்லை. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமைந்துள்ள இந்நகரில் பெய்யும் மழைநீர் ஒருபுறம் தென்பெண்ணையையும் மறுபுறம் அர்க்காவதி வழியே காவிரியையும் நோக்கி வடிந்துவிடும். அந்நீரைத் தேக்கவே பள்ளத்தாக்குகளின் குறுக்கே மண் கரைகளை எழுப்பி முன்னோர் ஏரிகளை உண்டாக்கினர். அவற்றுள் பல மறைந்தன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று பேருந்து நிலையமும், சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கமும் உள்ளன. எஞ்சிய ஏரிகளை உடைத்து நிரப்பாமல் நீர்நிலைகளாகவே காக்க வேண்டும் என்று 1980-களில் லட்சுமண ராவ் குழு பரிந்துரைத்தது. நகருக்குள் பாசன நிலம் இல்லாமற்போகவே, காக்கப்பட்ட ஏரிகள் பலவும் நடைபாதை, பூங்கா, படகுத்துறை ஆகியவற்றுடன் பொழுதுபோக்கு இடங்களாக மாறின.

இந்த மாற்றத்தில் ஒரு செய்தி கவனத்திலிருந்து நழுவிவிட்டது. மக்கள் ஏரி என்று அழைப்பது, பொறியாளர் கணக்கில் ஓர் அணையே ஆகும். கரைமேல் உலவுவோர் உண்மையில் அணையின் மேல் நடக்கின்றனர். 1882-ல் நகரின் நீர்த்தேவைக்காக அமைக்கப்பட்டு, மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்டு சாங்கியின் பெயரைத் தாங்கிய சாங்கி ஏரி, இன்று காலை நடைக்குப் பெயர்பெற்ற இடம். அதன் கரையை ஒட்டியே நகரின் முக்கியச் சாலை ஒன்று செல்கிறது.

2019 நவம்பர் 24 அன்று நகரின் தென்பகுதியிலுள்ள ஹுளிமாவு ஏரியின் கரை உடைந்தது. புயலோ பெருவெள்ளமோ அன்று இல்லை. கரையில் நடந்த தோண்டும் வேலையே காரணம் என்று கூறப்பட்டது. நீர் நூற்றுக்கணக்கான வீடுகளில் புகுந்தது. குடியிருந்தோர் உடைமைகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே மாதத்தில் ஹொசகெரெஹள்ளி ஏரியின் கரையும் உடைந்தது. இவ்விரண்டும் உயரமான அணைகள் அல்ல. ஆனால் கரையின் அடிவாரத்தில் முன்பு வயல் இருந்தது, இப்பொழுது வீடுகள் இருக்கின்றன. வயலில் பாய்ந்தால் ஒரு போகம் அழியும். வீட்டில் பாய்ந்தால் நேரும் இழப்பு வேறு வகையானது.

பாசன ஏரிக்கும் பொழுதுபோக்கு ஏரிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கு சற்று விரிவாக நோக்க வேண்டும். பாசன ஏரி ஆண்டுதோறும் நிரம்பி, ஆண்டுதோறும் வற்றியது. கோடையில் கரையின் உட்புறம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். சரிந்த கல்பதிப்பைச் சீர்செய்வதும், வண்டல் எடுத்துக் கரையில் இடுவதும் அப்போதே நடக்கும். மதகு ஒவ்வொரு போகத்திலும் திறந்து மூடப்பட்டதால் அது இயங்குமா என்ற ஐயத்திற்கே இடமில்லை. கன்னட நாட்டில் நீரகண்டி என்றும், தமிழகத்தில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்றும் அழைக்கப்பட்டவர் தினமும் கரையைச் சுற்றி வந்தார். அவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. கரை உடைந்தால் அவருடைய களமும் வெறுமையாகும்.

பொழுதுபோக்கு ஏரியோ ஆண்டு முழுவதும் நிரம்பியிருக்க வேண்டும். நீர் குறைந்தால் படகு ஓடாது, அழகும் இல்லை. ஆகவே மதகை எவரும் திறப்பதில்லை. திருகும் தண்டும் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. ஆபத்தான நேரத்தில் நீரை இறக்க முடியாத நிலை இவ்வாறு உருவாகிறது. கலிங்கின் மேல் மணல் மூட்டைகளையோ கட்டையையோ வைத்து மட்டத்தை உயர்த்தும் ஆசையும் எழுகிறது. வெள்ளம் வரும்போது அலைக்கும் பெருக்குக்கும் இடமாகக் கரையுச்சியில் விடப்பட்டிருந்த இடைவெளியை இது விழுங்கிவிடும். மண் கரையின் மேல் நீர் ஏறி வழிந்தால் கரை தாங்காது என்பது கட்டுமானத் துறையின் முதற்பாடம். குஜராத்தில் 1979 ஆகஸ்டு 11 அன்று மச்சு-2 அணையின் மண் கரை அவ்வாறே அழிந்து, மோர்பி நகரை மூழ்கடித்தது.

கரையில் நிழலுக்காக நடப்படும் மரங்களும் கவலைக்குரியவை. உயிருள்ள வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மரம் பட்ட பின் வேர் மக்கி, அது இருந்த வழி குழாய்போல் வெறுமையாகும். எலி வளையும் கரையான் புற்றும் இதே தீங்கைச் செய்யும். இவற்றின் வழியே நுழையும் நீர் மண்ணை அரித்து, அரித்த வழியைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். வெளியே பெரிய அறிகுறி எதுவும் தெரிவதற்கு முன்பே உள்ளரிப்பு நெடுந்தூரம் சென்றிருக்கலாம். மதகுக் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி மண் இறுகாதிருக்கும் இடமே இதற்கு மிகவும் ஏற்ற வழி.

கசிவு என்றாலே அஞ்ச வேண்டுவதில்லை. எல்லா மண் கரையும் சிறிது கசியும். கசியும் நீர் தெளிவாகவும் அளவு மாறாமலும் இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் கரையின் உடல் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். அந்த இடத்தைக் களிமண் கொண்டு அடைப்பது பலர் செய்யும் தவறு. நீர் வேறோர் இடத்தில் பீறிடும். முதலில் மணல், அதன்மேல் சிறு சரளை, அதன்மேல் பெருங்கல் என அடுக்கி, நீரை வெளியேறவிட்டு மண்ணை மட்டும் தடுப்பதே முறை. அதோடு ஏரியின் மட்டத்தையும் குறைக்க வேண்டும். அதையும் படிப்படியாகவே செய்ய வேண்டும். நீர் திடீரென இறங்கினால், ஊறி நிற்கும் உட்சரிவு தாங்குதலை இழந்து சரிந்துவிடும்.

பொழுதுபோக்குக்காகத் தனியார் வைத்திருந்த அணை எந்த அளவுக்குக் கேடு செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் சான்று. அங்கே கால்வாய்ப் போக்குவரத்திற்காக மாநில அரசு கட்டிய சவுத் ஃபோர்க் அணை, ரயில் வந்த பின் பயனற்றுப்போய்த் தனியாரிடம் சென்றது. பின்னர் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டை மன்றம் ஒன்று அதைத் தன் கோடை வாசத்துக்கு ஏற்றுக்கொண்டது. நீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளர் கழற்றி விற்றிருந்தார். மன்றம் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. கரைமேல் குதிரை வண்டிகள் செல்வதற்காக உச்சி தாழ்த்தப்பட்டது. வளர்த்த மீன்கள் தப்பாதிருக்க மிகைநீர் வழியில் வலை அமைக்கப்பட்டது. 1889 மே 31 அன்று பெருமழையில் வந்த குப்பைகூளம் வலையை அடைத்தது. நீர் கரைமேல் ஏறியது. பள்ளத்தாக்கில் சுமார் 22 கிலோமீட்டர் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் மாண்டனர். செய்யப்பட்ட மாற்றங்களில் எதுவும் தனித்துப் பார்த்தால் பெரிய குற்றமாகத் தோன்றாது என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டிக்கு வழி, மீனுக்கு வலை, அவ்வளவே.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி சட்டத்திற்குப் புதிதன்று. தன் நிலத்தில் தேக்கிய நீர் தப்பி அயலாருக்குத் தீங்கு செய்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் தேக்கியவரே பொறுப்பு என்று 1868-ல் ரைலண்ட்ஸ் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அங்கு பிரச்சினைக்குள்ளானது ஓர் ஆலை அதிபரின் நீர்த்தேக்கம். ஆனால் 1874-ல் சென்னை மாகாணத்தின் கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து ரயில்வே கட்டுமானங்கள் சேதமுற்ற வழக்கில், பிரிவிக் கவுன்சில் அதே விதியைப் பின்பற்றவில்லை. இந்நாட்டில் ஏரியைப் பேணுவது ஜமீன்தாரின் உரிமை மட்டுமன்று, மக்கள் வாழ்வுக்காக அவர் மேல் விழுந்த கடமையும் ஆகும். எனவே கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால்தான் பொறுப்பு என்பது அதன் கருத்து. பாசனத்திற்காகத் தரப்பட்ட இந்தச் சலுகையைப் படகுச் சவாரிக்காக நீரைத் தேக்குவோரும் கோர இயலுமா என்பது சிந்திக்கத்தக்கது. கடமை என்ற அடிப்படையே அங்கு மறைந்துவிடுகிறது.

பெங்களூரில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஹெப்பாள், நாகவாரா முதலிய ஏரிகள் பராமரிப்புக்கும் பொழுதுபோக்கு வசதிக்குமாகத் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 2008-ல் இதை எதிர்த்துப் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. நுழைவுக் கட்டணம், பறவைகள், பொதுமக்கள் உரிமை ஆகியவை பற்றி விவாதம் சூடாக நடந்தது. கரையின் உடல்நலம் பற்றியும் அதே சூட்டுடன் கேட்டிருக்கலாம்.

2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், உரிமையாளர் அரசாயினும் நிறுவனமாயினும் தனிநபராயினும், பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதிக்கும் கடமையை அவர்மேல் சுமத்துகிறது. ஆயினும் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமை, கொள்ளளவு 10 லட்சம் கனமீட்டருக்குக் குறையாமை போன்ற நிபந்தனைகளில் ஒன்றை நிறைவு செய்பவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். நகர ஏரிகளின் தாழ்ந்த கரைகள் பெரும்பாலும் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. கீழே எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதைக் காட்டிலும் கரையின் உயரமே அளவுகோலாகிவிட்டது.

இத்தகைய கரைகளுக்குத் தேவைப்படும் பணி பெருஞ்செலவு பிடிப்பதன்று. கோடையில் ஒருமுறை நீரை மெல்ல இறக்கி உட்சரிவைப் பார்ப்பது, மதகை மாதம் ஒருமுறை முழுவதும் திறந்து மூடுவது, கலிங்கையும் அதற்குக் கீழுள்ள ராஜகால்வாயையும் மழைக்கு முன் துப்புரவாக்குவது, கரையுச்சியின் மட்டத்தை அளந்து தாழ்ந்த இடத்தில் மண் இட்டு இறுக்குவது, அடிவாரத்தில் எவரையும் தோண்டவிடாதிருப்பது ஆகியவை போதும். கசிவின் அளவையும் நிறத்தையும் தேதியிட்டு எழுதும் ஒரு பதிவேடும் வேண்டும். ஏரிகள் சங்கிலியாக அமைந்திருப்பதால், மேல் ஏரியில் நீர் திறப்பவர் கீழ் ஏரியின் பொறுப்பாளருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். அப்பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஏரிகளின் நுழைவாயிலில், படகுக் கட்டணப் பலகையின் பக்கத்திலேயே எழுதப்படலாம்.