கண்மடலில் இருந்தது செல் துண்டு அல்ல

சித்தியின் கண்மடலில் கட்டியொன்று எழும்பியபோது, செல் துண்டுதான் இடம்மாறி வந்துவிட்டதென்று நினைத்தோம். 2009இல் பட்ட துண்டொன்று இன்னும் அவரது கன்னத்தில் இருக்கிறது. காயத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார்களென்ற பயத்தில் இரண்டு மாதம் வைத்தியசாலைக்குப் போகவில்லை. கடைசியில் சத்திரசிகிச்சையில் வெளியே வந்தது, வெள்ளை நூல் போன்றதொரு புழு.

"நாயிலிருந்து நுளம்பு கொண்டுவந்தது" என்றார் வைத்தியர். வீட்டுக்கு வந்ததும் சித்தி கேட்ட முதற்கேள்வி: "அப்ப வெள்ளையனைக் கலைச்சு விடுறதோ?" மீள்குடியேறிய நாளிலிருந்து வாசலில் கிடக்கும் நாய் அது.

நாய்களில் இரண்டு உறவுப் புழுக்கள் உண்டு. டைரோஃபிலேரியா இமிட்டிஸ் என்பது இதயப்புழு. நுளம்பு கடித்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் வளர்ந்து, நுரையீரல் நாடிகளிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் தங்கும். பெண்புழு 30 சென்ரிமீற்றர் வரை நீளும். நாய் இருமும், ஓடினால் களைக்கும், முற்றினால் வயிறு வீங்கும். அரிதாக மனிதரின் நுரையீரலில் முடிச்சாகி, எக்ஸ்ரேயில் புற்றுநோயென்று மயங்க வைக்கும்.

இலங்கையில் மனிதரிடம் அதிகம் காணப்படுவது மற்றையது, டைரோஃபிலேரியா ரெபென்ஸ். இது தோலுக்கடியிலும் கண்ணைச் சுற்றியும் கட்டியாகும், சிறுபிள்ளைகளிடமும் கண்டிருக்கிறார்கள். நாயிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. யானைக்கால் நோய் வேறு. அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. நாய்ப்புழுவுக்கு அப்படியொரு திட்டத்தை எங்கள் ஊர்ப்பக்கம் நான் கண்டதில்லை.

நாயைத் தொடுவதால் இது வராது. நாயின் இரத்தத்திலுள்ள குஞ்சுப்புழு நுளம்புக்குள் போய், ஏறக்குறைய இரண்டு கிழமை வளர்ந்த பிறகுதான் தொற்றும். மனித உடலில் அது வழமையாகப் பெருகுவதில்லை. ஆளிலிருந்து ஆளுக்கும் பரவாது. அநேகமாக வெட்டியெடுத்தாலே போதும். ஆகவே வெள்ளையனைக் கலைத்தால் அவன் பக்கத்து வளவுக்குப் போவான், நுளம்பு இங்கேயே இருக்கும். பாழ்கிணறும், தண்ணீர் தேங்கிய ரயரும், சிரட்டையும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. நாய்க்கு மருந்து உண்டு. ஆனால் மிருகவைத்தியர் இரத்தம் பார்த்துச் சொல்லாமல், கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

உடம்பில் துண்டுள்ளவர்களுக்கு ஒன்று: உலோகம் எக்ஸ்ரேயில் தெரியும், புழு தெரியாது. புதிதாக எழும்பும் கட்டியைப் பழைய காயமென்று விட்டுவிடாமல், இரண்டையும் சொல்லிக் காட்டுங்கள்.